படகில் இருந்த மீன் பார்க்கிற மெசினை ஐஸுக்குக் கொண்டு போகலாமோ?

தம்பி, புதுசாக ஒன்றும் வாங்காதீங்கோ. கையில் இருக்கிறதே காணும்.

மற்றவைக்கும் விளங்கட்டும் என்று உங்கட கேள்வியைத் திருப்பிச் சொல்லுறன். ஒன்ராறியோவுக்கு வந்து உங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். கூட வேலை செய்யிறவர் படகை விற்கேக்க அதில் பூட்டியிருந்த ஐந்து அங்குல ஃபிஷ் ஃபைண்டரைச் சும்மா தந்திருக்கிறார். சிம்கோ ஏரி உறைஞ்சதும் ஐஸில் மீன் பிடிக்கப் போக யோசிக்கிறீங்கள். "அது படகுக்கு, ஐஸுக்கு ஃபிளாஷர்தான் வேணும்" என்று கூட்டாளிமார் சொல்லுகினம். சரியோ என்று கேட்டிருக்கிறீங்கள்.

அரைவாசி சரி. ஃபிளாஷர் என்கிறது ஐஸில் பாவிக்கிற மீன் பார்க்கிற மெசின். அது இந்தக் கணம் கீழே என்ன நிக்குது என்பதை மட்டும் காட்டும், அதை மிக வேகமாகக் காட்டும். உங்கட மெசின் செய்யிறதும் அதே வேலைதான். தண்ணிக்குள் இறக்கிற ட்ரான்ஸ்டியூசர் என்கிற துண்டு ஒலியைக் கீழே விடுது, பட்டுத் திரும்பி வர எடுத்த நேரத்தை ஆழமாக மாற்றுது. உறையிற குளிர்த் தண்ணியில் ஒலி செக்கனுக்கு 1,400 மீற்றர் அளவில் ஓடும். 30 அடி ஆழத்துக்குப் போய்வர அதுக்கு 0.013 செக்கன் போதும். மெசினில் பிழை இல்லை. படகு ஓடுற மாதிரி நினைச்சு அதை ஐஸில் வாசிக்கிறதிலதான் பிழை.

திரையின் வலது ஓரம்தான் "இப்ப". இடப்பக்கம் முழுக்கப் பழசு. படகில் போகேக்க இடப்பக்கம் நீங்கள் கடந்து வந்த இடம். ஐஸில் நீங்கள் ஒரே துளைக்கு மேல குந்தியிருக்கிறீங்கள், அதனால் இடப்பக்கம் அதே துளையின் போன நிமிசம். படகில் மீன் வில்லு மாதிரி வளைஞ்சு தெரியிறது, படகு அதைக் கிட்டி விலகிப் போறதால். ஐஸில் அந்த வில்லைத் தேடாதீங்கோ. கீழே நிக்கிற மீன் நீளக் கோடாக வரும். உங்கட தூண்டிலைப் பார்த்து எழும்பி வாற மீன் சரிஞ்ச கோடாக வரும். அந்தச் சரிவு உங்கட ஜிக்கின் (மேல கீழ ஆட்டிப் பிடிக்கிற பாரமான தூண்டில்) கோட்டைத் தொடப்போகுது என்றால் கையைத் தயாராக வையுங்கோ.

முதல் வருசம் எனக்கு இது தெரியாது. மெசினில் மீன் படம் போட்டுக் காட்டுற வசதியைப் போட்டு வைச்சிருந்தன். 22 அடியில் ஒரு மீன் படம், வரிசையாக, அசையாமல். முக்கால் மணித்தியாலம் அதுக்கு ஆட்டம் காட்டினன். பக்கத்துத் துளையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி வந்து, ஒன்றும் பேசாமல், என்ர தூண்டில் நூலைப் பிடிச்சு இரண்டு அடி தூக்கினார். மீனும் இரண்டு அடி எழும்பிச்சுது. என்ர ஈயக்குண்டுக்குத்தான் நான் இவ்வளவு நேரமும் ஆடிக் காட்டியிருக்கிறன். அந்த மீன் படத்தை மெனுவில் முதல் வேலையாக நிப்பாட்டுங்கோ.

இனி முக்கியமான விசயம், ட்ரான்ஸ்டியூசரைத் தொங்கவிடுறது. உங்களுக்குக் கிடைச்சது படகின் பின்பலகையில் பூட்டுறது. வயர் அதின் பின்பக்கத்தால வருது. வயரில் கட்டித் துளைக்குள் விட்டீங்கள் என்றால் முகம் கீழே பார்க்காது, பக்கவாட்டில் பார்க்கும். ஒரு பிளாஸ்டிக் குழாயோ மரத்தடியோ எடுத்து அதின் நுனியில் ட்ரான்ஸ்டியூசரின் தாங்கியை ஆணி முறுக்கி, முகம் தட்டையாகக் கீழே பார்க்கிற மாதிரிப் பூட்டுங்கோ. துளைக்குக் குறுக்கே ஒரு பலகை வைச்சு அதில் குழாயைப் பிடிப்பியுங்கோ. முகம் ஐஸின் அடிவிளிம்புக்குக் கொஞ்சம் கீழ போகவேணும். மேல நின்றால் துளைச் சுவரில் பட்ட எதிரொலியால் திரை குழம்பும்.

சரிவு எவ்வளவு கெடுக்கும் என்று பாருங்கோ. 200 கிலோஹேர்ட்ஸில் பல படகு மெசின்களின் கூம்பு, அதாவது ஒலி கீழே விரிஞ்சு போற அகலம், 20 பாகை. 30 அடியில் அது பத்தரை அடி அகல வட்டம். ட்ரான்ஸ்டியூசர் பத்துப் பாகை சரிஞ்சாலே அந்த வட்டத்தின் நடு ஐந்து அடி தள்ளிப் போயிடும். உங்கட ஜிக் வட்டத்தின் விளிம்பில் மங்கிப் போகும், இல்லாட்டித் தெரியவே தெரியாது. குழாயை மெல்லமாகத் திருப்பிப் பாருங்கோ. தட்டையான அடித்தளத்தில், அடிக்கோடு மெலிஞ்சு கூராகத் தெரியிற நிலைதான் நேர் நிலை. பிறகு ஜிக்கை இறக்கி அது போற வழி முழுக்கத் திரையில் வருதோ என்று பாருங்கோ. ஜிக் தெரியாமல் மீன் பிடிக்கத் தொடங்காதீங்கோ.

83 கிலோஹேர்ட்ஸும் இருந்தால் ஆசைப்பட வேண்டாம். அது பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. 30 அடியில் கிட்டத்தட்ட 35 அடி வட்டம். பதினைந்து அடி தள்ளி நிக்கிற மீனையும் உங்கட தூண்டிலுக்குக் கீழ நிக்குது என்று காட்டும். பக்கத்தில் பத்துப் பேர் 200இல் வைச்சிருந்து திரை முழுக்கத் தூறல் அடிச்சால் மட்டும் மாத்திப் பாருங்கோ. முதலில் இடையூறு வடிகட்டிற அமைப்பைக் கூட்டிப் பார்க்கிறது நல்லது. டவுன் இமேஜிங், சைட் இமேஜிங் (கீழேயும் பக்கத்திலும் இருக்கிறதைப் படமாகக் காட்டுற வசதிகள்) இரண்டும் மெசின் நகராட்டில் சரியான படம் தராது, மறந்து விடுங்கோ.

மிச்ச அமைப்புகள் சுருக்கமாக: திரை ஓடுற வேகம் உச்சத்தில், ஆழ எல்லை கைமுறையில், உணர்திறன் ஜிக் தெரியிற அளவுக்கு மட்டும். வலது ஓரத்தில் குத்துக் கோடாக உடனடி எதிரொலியைக் காட்டுற வசதி பல மெசின்களில் இருக்கு. அதைப் போட்டால் அரைவாசி ஃபிளாஷர் ஆயிடும்.

இன்னொன்று, காற்று. மீனைக் காட்டிக் குடுக்கிறது பெரும்பாலும் அதின் உடம்புக்குள் இருக்கிற காற்றுப்பைதான். ஒலி காற்றில் பட்டால் அப்படியே திரும்பும். அதே காரணத்தால் துளையில் மிதக்கிற நுரை ஐஸும் குமிழிகளும் உங்களைக் குருடாக்கும். அரித்தெடுக்கிற கரண்டியால அடிக்கடி துப்புரவாக்குங்கோ.

பற்றரி 12 வோல்ற், 7 அம்பியர்-மணி போதும். படகின் பெரிய பற்றரியை இழுத்துத் திரிய வேண்டாம். ஆனால் ஈய-அமிலப் பற்றரி கடுங்குளிரில் தன்ர கொள்ளளவில் கனக்கக் குறையும், அதனால் ஒரு பெட்டிக்குள் பொத்தி வையுங்கோ. லித்தியம் வகை வாங்கினால் உறைநிலைக்குக் கீழ சார்ஜ் பண்ணாதீங்கோ. வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேறின பிறகு பண்ணுங்கோ. குளிரில் திரையும் சோம்பல் படும், படம் இழுபடும். போட்ட மெசினை நிப்பாட்டாமல் விட்டால் தன்ர சூட்டிலேயே கொஞ்சம் சுறுசுறுப்பாகும். வயரில் பியூஸ் இல்லாமல் ஓட்டாதீங்கோ. சிவப்பையும் கறுப்பையும் மாறிப் பூட்டி ஒரு பியூஸைச் சாகடிச்ச நாள் எனக்கும் இருக்கு.

ஃபிளாஷரில் இல்லாத ஒரு நன்மை உங்கட மெசினில் இருக்கலாம்: ஜிபிஎஸ். கோடையில் யாரின்ரயும் படகில் போய் பேர்ச் மீன் கூட்டமாக நின்ற இடங்களைக் குறிச்சு வைச்சால், ஐஸில் நடந்து அதே புள்ளிக்குப் போகலாம். சிம்கோவின் ஆக ஆழமான இடம் 41 மீற்றர். லேக் ட்ரவுட்டும் வைற்ஃபிஷும் தேடி ஆழத்துக்குப் போறவைக்கு இது பெரிய உதவி.

மெசின் ஐஸின் தடிப்பைச் சொல்லாது, அதுக்கு துளைதான் வேணும். கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் தனியாக நடக்க 15 சென்ரிமீற்றர், ஸ்னோமொபைலுக்கு 25 சென்ரிமீற்றர் என்று சொல்லுது, அதுவும் தெளிந்த நீல ஐஸுக்கு. பனி கலந்த வெள்ளை ஐஸின் பலம் அரைவாசிதான். மீன்பிடி உரிமத்தையும் மறக்காதீங்கோ. முதலில் ருசி பார்க்க வேணும் என்றால் பெப்ரவரியில் ஃபமிலி டே வார இறுதியில் கனடாவில் வசிக்கிற ஆட்கள் ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் பிடிக்கலாம், பிடி அளவு விதிகள் அப்பவும் இருக்கும்.

ட்ரான்ஸ்டியூசர் வயரில் ஒரு லேபல் ஒட்டியிருக்கும். அதில் இருக்கிற இலக்கத்தை இங்க எழுதுங்கோ. கூம்பு எத்தனை பாகை என்று பார்த்துச் சொல்லுறன்.