எட்டாம் நாள் நின்றுபோகும் கணக்கு

கேள்வி: அண்ணே, வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். இணையதளமும் வைத்திருக்கிறேன். நேற்று எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்பதை கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து எடுத்து, தினமும் காலை 6 மணிக்கு கூகுள் ஷீட்டில் எழுதும்படி, வேலைகளைத் தானாகச் செய்யும் என்8என் மென்பொருளில் அமைத்திருக்கிறேன். வாடகை சர்வரில் நானே போட்டதுதான். சில நாள் ஓடுகிறது, அப்புறம் ‘இன்வேலிட் கிராண்ட்’ (அனுமதி செல்லாது) என்று சொல்லி நின்றுவிடுகிறது. திரும்ப சைன் இன் செய்தால் சரியாகிறது. யாரோ கணக்குக்குள் நுழைகிறார்கள் என்று பயந்து இரண்டு தடவை பாஸ்வேர்டு மாற்றிவிட்டேன். நின்ற நாள்களைக் குறித்து, ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருக்கிறேன்.
- ஒரு வாசகி, திருநகர்

பதில்: தங்கச்சி, நாள்களைக் குறித்து வைத்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. செவ்வாய், அடுத்த வாரம் புதன், அதற்கடுத்து வியாழன். மூன்று தடவையும் காலை 10 மணி வாக்கில் திரும்ப இணைத்திருக்கிறீர்கள். செவ்வாய் 10 மணிக்கு இணைத்தால், அடுத்த செவ்வாய் 10 மணியோடு 7 நாள் முடிகிறது. இடையில் காலை 6 மணி ஏழு தடவை வரும், ஏழு நாளும் கணக்கு வரும். எட்டாவது 6 மணி புதன்கிழமை, அன்றைக்கு வராது. அதனால்தான் கிழமை ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகிறது. திருடன் இவ்வளவு ஒழுங்காக வரமாட்டான்.

நீங்கள் சைன் இன் செய்யும்போது பாஸ்வேர்டு என்8என் கைக்குப் போவதே இல்லை. கூகுள் அதனிடம் இரண்டு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, கொடுக்கிறது. தரவை எடுக்க ஆக்சஸ் டோக்கன். அது ஏறக்குறைய 1 மணி நேரம்தான் செல்லும். தீர்ந்ததும் ரிஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிப் புதிது வாங்கிக்கொள்ளும். அரிசி தீர்ந்தால் ரேஷன் கார்டைக் காட்டி வாங்குகிறோமே, அது மாதிரி. உங்கள் விஷயத்தில் தீர்ந்தது அரிசி இல்லை, கார்டே செல்லாமல் போகிறது.

காரணம் இதுதான். என்8என்-ஐ நீங்களே போட்டதால் கூகுள் கிளவுடில் நீங்களே ஒரு புராஜெக்ட் தொடங்கி, கிளையன்ட் ஐடி என்ற அடையாள எண் வாங்கியிருப்பீர்கள். கூகுளுக்கு அதுதான் உங்கள் ‘ஆப்’. அது இன்னும் ‘டெஸ்டிங்’, அதாவது சோதனை, நிலையில் கிடக்கிறது. வெளி ஆட்களுக்கான ‘எக்ஸ்டர்னல்’ வகை ஆப் அந்த நிலையில் இருந்தால், ரிஃப்ரெஷ் டோக்கனின் ஆயுள் 7 நாள். கூகுள் வைத்திருக்கும் விதி அது. எல்லாவற்றையும் தாங்களே நடத்தித் தரும் இணைப்புத் தளங்களில் இந்தத் தொல்லை வராது. அவர்களுடைய ஆப் முன்னமே வெளியிடப்பட்டிருக்கும்.

கிளவுட் கன்சோலில் ‘ஆடியன்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘பப்ளிஷ் ஆப்’ அழுத்துங்கள். நிலை ‘இன் புரொடக்‌ஷன்’ என்று மாறும். அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய டோக்கன் பழைய கெடுவிலேயே போய்விடும், அதனால் என்8என்-இல் இன்னும் ஒரே ஒரு தடவை சைன் இன் செய்ய வேண்டும். அப்போது ‘இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை’ என்று ஒரு மிரட்டல் திரை வரும். நம்முடைய ஆப், நம்முடைய கணக்கு. ‘அட்வான்ஸ்டு’ அழுத்தித் தாண்டிப் போகலாம். வேறு யாராவது அனுப்பிய லிங்கில் இதே திரை வந்தால் மட்டும் தாண்டாதீர்கள்.

ஆறு மாதம் தொடாமல் விட்டால் புது ரிஃப்ரெஷ் டோக்கனும் செத்துவிடும். தினமும் ஓடுகிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சைன் இன் தொல்லையே வேண்டாம் என்றால் சர்வீஸ் அக்கவுன்ட் என்று ஒன்று உண்டு. கடைக்குத் தனியாகக் கணக்கப்பிள்ளை வைப்பது போல. அதற்கென்று ஒரு மெயில் முகவரி இருக்கும். அனலிட்டிக்ஸ் கணக்கைப் பார்க்க, அதை அங்கே ‘வியூவர்’ ஆகச் சேர்த்தால் போதும். எல்லா இணைப்புகளும் அதை ஏற்பதில்லை என்பதால் உங்களுக்கு முதல் வழியையே சொல்வேன்.

கடைசியாக ஒரு திட்டு. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் கிளையன்ட் சீக்ரெட் (கிளையன்ட் ஐடியோடு வரும் ரகசியச் சாவி) முழுசாகத் தெரிகிறது. நான் அழித்துவிட்டேன், இருந்தாலும் இன்றைக்கே புதியது உருவாக்கிப் பழையதை நீக்குங்கள். வாய் பேச எனக்கும் யோக்கியதை இல்லை: போன வருஷம் இதே மாதிரி ஒரு படத்தைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். முதலில் பார்த்தது என் மாமனார். “மாப்ளே, இது என்ன நம்பர், லாட்டரியா?” என்று கேட்டார்.

கேள்வி: அனலிட்டிக்ஸ் கணக்கை எடுக்கும் இணைப்புத் தளத்தில் ப்ராபர்ட்டி ஐடி கேட்கிறது. ‘ஜி’ எழுத்தில் தொடங்கும் என் எண்ணைப் போட்டால் ஏற்கவில்லை.
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: அது மெஷர்மென்ட் ஐடி. உங்கள் இணையதளம் அனலிட்டிக்ஸுக்குத் தகவல் அனுப்பத்தான் அது. எடுப்பதற்கு வேண்டியது ப்ராபர்ட்டி ஐடி, அதாவது அனலிட்டிக்ஸில் உங்கள் தளத்துக்கான பதிவின் எண். அதில் வெறும் இலக்கங்கள்தான் இருக்கும். அட்மின் பகுதியில் ‘ப்ராபர்ட்டி டீடெய்ல்ஸ்’ திறந்தால் வலது பக்க மேல் மூலையில் கிடைக்கும். அதைப் போட்ட பிறகும் ‘பெர்மிஷன்’ இல்லை என்று வந்தால், சைன் இன் செய்த ஜிமெயிலுக்கு அந்த ப்ராபர்ட்டியில் இடமில்லை என்று அர்த்தம். இணையதளம் செய்து கொடுத்த பையன் தன்னுடைய ஜிமெயிலிலேயே எல்லாம் தொடங்கியிருப்பான். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஜிமெயிலை அட்மினாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.