சின்ன கம்பெனியில் பாகுபாட்டைத் தடுக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் கம்பெனியில் 25 பேர். வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விகளை முதலில் கவனியுங்கள். "சொந்த ஊர் எது?" மதுரை என்றால், "மதுரையில் எங்கே?" அப்புறம் "எந்தத் தெரு?" சில இடங்களில் குலதெய்வம் வரை போகும். சாதி என்ற வார்த்தையே வராது. ஆனால் எதற்கு இந்த விசாரணை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெண் என்றால் "கல்யாணம் எப்போது?" கூடுதல்.

நல்ல மனசு மட்டும் இதற்குப் போதாது. ஐந்தாறு கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அவற்றையே கேளுங்கள். தேர்வு செய்பவர்கள் கலந்து பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். பேசிவிட்டுப் போட்டால் முதலாளியின் மதிப்பெண்தான் எல்லோருக்கும்!

விண்ணப்பங்களை முதல் சுற்றில் பெயர், ஊர், போட்டோவை மறைத்துப் பாருங்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது.

"நம்ம ஆபீசுக்கு செட் ஆக மாட்டார்" என்று யாராவது சொன்னால், எந்த வேலை அவருக்கு வராது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பல நேரம் எழுத ஒன்றும் இருக்காது.

சரி, சேர்ந்த பிறகு? 10 பேர் இருந்தாலே பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தனியார் கம்பெனியில் சாதிப் புகாருக்கு அப்படியொரு குழுவைச் சட்டம் கேட்பதில்லை. நீங்களாகவே வையுங்கள், வெளியாள் ஒருவரோடு.