பாட்டியின் பதிலை நீ எழுதலாமா?

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. டிசைன் திங்கிங் (பயனாளரைப் புரிந்துகொண்டு தீர்வை வடிவமைக்கும் முறை) பாடத்துக்காக ஐந்து பேர் குழுவாக ஒரு புராஜெக்ட் செய்கிறோம். மூத்தோர் நேரத்துக்கு மருந்து சாப்பிட உதவுவது தலைப்பு. பயனாளரைப் புரிந்துகொள்வது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனை, மாதிரி, சோதனை என்ற ஐந்து கட்டங்களையும் முடித்து, நினைவூட்டும் செயலி ஒன்றை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்தோம். நேர்காணலுக்கு நேரம் போதவில்லை. எங்கள் வீட்டிலேயே பாட்டி இருப்பதால் அவருடைய பதில்களை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியாததா? பயனாளர் சொல்வது, செய்வது, நினைப்பது, உணர்வது ஆகியவற்றை எழுதும் எம்பதி மேப்பில் மறதி, தனிமை, தொழில்நுட்பம் தெரியாது என்று போட்டோம். பாட்டியிடம் செயலியைக் காட்டியபோது "நல்லா இருக்கும்மா" என்றார். ஆனால் சோதனைக்காக அவர் கைத்தொலைபேசியில் காலை 8 மணிக்கு அலாரம் வைத்தோம், இரண்டாம் நாளே அணைத்துவிட்டார். மூத்தோர் மாற்றத்தை ஏற்பதில்லை என்று அறிக்கையில் எழுதினோம். விரிவுரையாளர் "இதில் பயனாளர் எங்கே?" என்று கேட்டு சி கிரேடு போட்டுவிட்டார். இதற்கிடையே குழுவில் ஒருவன் எந்த வேலையும் செய்வதில்லை, கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. இறுதிப் படைப்புக்கு மூன்று வாரம் இருக்கிறது. சக மாணவர் மதிப்பீட்டில் அவனுக்குக் குறைந்த மதிப்பெண் போடலாமா?
– ஈசூனிலிருந்து ஒரு மாணவி

பதில்: வேலை செய்யாத குழு உறுப்பினரைப் பற்றிய கடிதங்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன. அவனைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீ போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன ஒரு வரியில்தான் உன் சி கிரேடுக்கான காரணம் இருக்கிறது. பாட்டியின் பதில்களை நீயே எழுதிக் கொடுத்தாய்.

மற்றக் குழுக்கள் முன்பின் தெரியாத பெரியவர்களைத் தேடிப் புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் உணவங்காடி நிலையத்திலும் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுக்கின்றன. உனக்கு அந்த அலைச்சல் இல்லை. பாட்டி அடுத்த அறையில் இருந்தார். முக்கால் மணி நேரம் போதும். அதைக்கூட அவருக்கு நீ கொடுக்கவில்லை.

"அவரைப் பற்றி எனக்குத் தெரியாததா?" என்கிறாய். சரி, சொல். காலையில் அவர் எத்தனை மாத்திரை போடுகிறார்? எது சாப்பாட்டுக்கு முன், எது பின்? உறையில் அச்சிட்டிருப்பதை அவருக்கு யார் படித்துச் சொன்னார்கள்? பலதுறை மருந்தகத்தில் கொடுத்தது தீர்ந்துபோனால் யாரிடம் சொல்வார்? கடைசியாக ஒரு வேளை தவறியது எப்போது, அதை வீட்டில் யாருக்காவது சொன்னாரா? இவற்றில் பாதிக்குக்கூட உன்னிடம் பதில் இருக்காது என்று நினைக்கிறேன். வீட்டுப் பெரியவர்கள் நமக்காகச் செய்வதெல்லாம் நம் கண்ணில் படுகிறது. தங்களுக்காக என்ன செய்துகொள்கிறார்கள் என்பதை அவர்கள் காட்டுவதில்லை.

மருத்துவர் பாட்டியைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்கு உடன் வந்த மகனோ பேத்தியோ பதில் சொல்வதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால் அவருக்காகப் பேசும் உரிமையும் வந்துவிட்டதாக நினைப்பு. இதை என்னால் ஏற்க முடியாது. அவர் சொல்ல வேண்டியதை அவர் வாயாலேயே சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்பது பேரப்பிள்ளையின் கடமை. கல்லூரி அதற்கு மதிப்பெண் தந்தாலும் தராவிட்டாலும்.

இப்போது அந்த அலாரத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாளே அணைத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், சிங்கப்பூரில் உள்ள மூத்தோர் அத்தனை பேர் மீதும் பழியைப் போட்டு அறிக்கை எழுதிவிட்டீர்கள். 8 மணிக்கு அவர் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். அதற்குள் பசியாறியிருக்க மாட்டார். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். அதே நோய்க்கான கிளிபிசைடைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினை இரவில். அப்படியிருக்க 8 மணி அலாரம் எந்த மாத்திரைக்கு? வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் கிளிபிசைடைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அப்படிப்பட்டவர் உங்கள் அலாரத்தின் பேச்சைக் கேட்டிருந்தால் உங்கள் வடிவமைப்பாலேயே அவருக்கு ஆபத்து வந்திருக்கும்.

இவையெல்லாம் என் ஊகம். உன் பாட்டி என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றே எனக்குத் தெரியாது. இதை எடுத்து எம்பதி மேப்பில் ஒட்டிவிடாதே. அவரிடம் கேள்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு உன் பாடத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழுவுக்குக் குறைப்பிரசவக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரை மிகக் குறைந்த விலையில் செய்யச் சொன்னார்கள். குழுவில் ஒருவர் நேப்பாளத்துக்கே போய்ப் பார்த்தார். நகர மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்ததும் இறந்ததும் தொலைவில், மின்சாரம் நம்ப முடியாத கிராமங்களில். மலிவு இன்குபேட்டர் என்ற கேள்வியே அங்கே மாறிப்போனது. தொடர்ந்து மின்சாரம் தேவைப்படாமல் பல மணி நேரம் சூடு தாங்கும், தூக்கப்பை போன்ற எம்பிரேஸ் உறை அப்படித்தான் பிறந்தது. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து தாய்மார்களின் பதிலைத் தாங்களே எழுதியிருந்தால் விலை குறைந்த இன்குபேட்டர் ஒன்று கிடைத்திருக்கும், அதுவும் காலியாகக் கிடந்திருக்கும்.

மூன்று வாரம் போதும். முதல் வாரம் முழுவதையும் பேசுவதற்கும் பார்ப்பதற்கும் ஒதுக்கு. பாட்டியோடு நிறுத்தாதே, இன்னும் நான்கு பேர் வேண்டும். பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக், எதிர் புளோக் தாத்தா, முதியோர் நிலையத்துக்கு வருகிறவர்கள் என்று கலந்து இருக்கட்டும். ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுத, இரண்டு பேராகப் போங்கள். ஐந்து பேரும் சூழ்ந்து உட்கார்ந்தால் எந்தப் பெரியவரும் வாய் திறக்க மாட்டார். பாட்டியிடம் நீ கேள்வி கேட்காதே. உன்னிடம் சொல்லத் தயங்குவதை வெளிப்பிள்ளையிடம் சொல்வார். நீ எழுதுகிற ஆளாக இரு. குழுவில் வேறு யாருக்கும் தமிழ் வராது என்றால் மொழிபெயர்க்க மட்டும் வாய் திற, இடையில் புகுந்து அவருக்காக முடிக்காதே. அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்.

உட்காரும் இடம் முக்கியம். மாத்திரை எங்கே இருக்கிறதோ அங்கே உட்காருங்கள். சாமி அலமாரியிலா, அடுப்பங்கரை டப்பாவிலா, தலையணைக்கு அடியிலா என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். "செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பேத்தியின் நண்பர்கள் வீடு தேடி வந்து கேட்டால் எந்தப் பாட்டி மாட்டேன் என்பார்? "நேற்று ராத்திரி மாத்திரை போட்டதை முதலிலிருந்து காட்டுங்க பாட்டி" என்று கேளுங்கள். நடந்த ஒன்றைக் கேட்டால்தான் நடந்தது வரும். அவர் நிறுத்தினால் நீங்களும் பேசாமல் இருங்கள். அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டால் அவர் சொல்ல வந்தது அப்படியே உள்ளே போய்விடும்.

அன்று இரவே எம்பதி மேப்பைப் புதிதாகப் போடுங்கள், பழையது வேண்டாம். நான்கு கட்டங்களில் சொன்னது, செய்தது இரண்டும் நீங்கள் காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது. நினைப்பது, உணர்வது இரண்டும் நீங்கள் ஊகிப்பது. ஊகத்தை வேறு நிறத்தாளில் எழுதுங்கள். மறதி, தனிமை, தொழில்நுட்பம் தெரியாது என்ற மூன்றும் எந்த முதியவரையும் பார்க்காமலே எழுதக்கூடிய சொற்கள். விரிவுரையாளர் "பயனாளர் எங்கே?" என்று கேட்டது அவற்றைப் பார்த்துத்தான். பாட்டி சொன்ன வாக்கியத்தை அவர் சொன்னபடியே தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தைப் போடு. மாத்திரை உறையைப் படம் எடுத்தால் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைக்காமல் ஸ்லைடில் ஏற்றாதே.

பிறகு பிரச்சினையை வாக்கியமாக்குவது. "மூத்தோருக்கு நினைவூட்டும் செயலி தேவை" என்று எழுதும்போதே விடையைக் கேள்விக்குள் ஒளித்துவைத்துவிட்டீர்கள். யார், அவருக்கு என்ன முடியவில்லை, ஏன் என்று கண்டீர்கள் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். செயலி, கருவி, இணையம் என்ற சொல் எதுவும் அதில் வரக்கூடாது. ஐந்து பேரிடம் பேசிய பிறகு செயலியே தேவையில்லை என்று தெரிந்தால் ஃபிக்மா கோப்பை மூடிவையுங்கள். உழைத்துவிட்டோமே என்று அதைப் பிடித்துத் தொங்கினால்தான் மிச்சமுள்ள மதிப்பெண்ணும் போகும்.

யோசனை சொல்லும் கூட்டத்தில்தான் அந்த மாணவனின் விஷயம் வருகிறது. உங்கள் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது: முதலில் பேசுகிறவர் "ஆப் பண்ணலாம்" என்பார், இருவர் தலையாட்டுவார்கள், முடிந்தது. அதற்குப் பிறகு வாய் திறப்பது எல்லாராலும் முடியாது. ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம் வரும். கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்று எட்டு நிமிடம் பேசாமல் ஆளுக்கு எட்டு யோசனை வரையட்டும். நாற்பதையும் சுவரில் ஒட்டிய பிறகு பேச்சைத் தொடங்குங்கள். அவனுடைய எட்டும் அங்கே இருக்கும். அவன் சோம்பேறியா, பேச இடம் கிடைக்காதவனா, இரவில் பகுதிநேர வேலைக்குப் போகிறவனா என்று உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பாட்டியைப் போலவே அவனிடமும் நீ கேட்கவில்லை.

மாதிரி செய்ய ஐந்து வெள்ளிக்கு மேல் செலவழிக்காதீர்கள். அட்டை, உறை, ஐஸ் கட்டித் தட்டு, வண்ண ஒட்டுத்தாள் போதும். பளபளப்பான திரையைக் காட்டினால் உழைப்புக்கு மரியாதை கொடுத்து "நல்லா இருக்கும்மா" என்று முடித்துவிடுவார்கள். கோணலாக வெட்டிய அட்டையைக் கொடுத்தால்தான் "இந்த மூடி என் விரலுக்குத் திறக்காது" என்று சொல்லத் துணிவு வரும். சோதனைக்கு உண்மையான மாத்திரையை எடுக்கவே எடுக்காதீர்கள். புதினா மிட்டாய் போடுங்கள். மாத்திரை அட்டையிலிருந்து பிரித்த சில மாத்திரைகள் நம் ஊர் ஈரப்பதத்தில் கெட்டுப்போகும், ஒன்று இடம் மாறினாலும் ஆபத்து. நேரத்தையோ அளவையோ மாற்றச் சொல்லும் யோசனை எதுவானாலும் மருந்தாளரிடம் கேட்காமல் யாரிடமும் காட்டாதீர்கள்.

சோதிக்கும்போது விளக்கம் சொல்லாமல் கையில் கொடு. அவர் திணறினால் உதவிக்குப் போகாதே, எங்கே திணறுகிறார் என்று எழுது. ஐந்து பேரிடம் சோதித்தாலே ஒரு வடிவமைப்பின் பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்படும் என்று பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேரை உங்களால் கண்டிப்பாகத் திரட்ட முடியும். அணைத்துவிட்டார், தள்ளிவைத்தார், தூக்கிப் போட்டார் என்றால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கிற மிக நல்ல தகவல். அங்கேயே "ஏன் பாட்டி?" என்று கேட்டிருந்தால் உன் சி கிரேடு மாறியிருக்கும்.

இனி மதிப்பெண். அவனுக்கு இந்த வாரம் பெயர் சொல்லி ஒரு வேலை கொடுங்கள்: இரண்டு பெரியவர்களிடம் பேசி, புதன்கிழமைக்குள் குறிப்பைத் தரட்டும். வராவிட்டால் என்ன கொடுத்தோம், எது வரவில்லை என்று தேதியோடு எழுதிக் குறைத்துப் போடு, அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னால் நீ செய்ததைக் குழுவிடம் சொல்ல வேண்டும். அவன் வேலை செய்யாததால் குழுவுக்கு ஓர் ஆள் குறைந்தது. எடுக்காத நேர்காணலை எடுத்ததாக நீ கொடுத்ததால் மற்ற நால்வரின் பெயரும் பொய்யான அறிக்கையில் ஏறியது. உன் குற்றம் பெரிது. அதை மறைத்துக்கொண்டு அவனுக்கு மதிப்பெண் குறைக்க உனக்குத் தகுதியில்லை.

குழுவிடம் சொன்ன அன்றே விரிவுரையாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பு. முதல் நேர்காணல் நடக்கவில்லை, பதில்களை நான் எழுதினேன், மற்றவர்களுக்குத் தெரியாது, இந்தத் தேதிகளில் உண்மையாகப் பேசப் போகிறோம் என்று நான்கு வரி போதும். நேரமின்மையை அதில் காரணமாக எழுதாதே.

பாட்டிக்கும் சொல்ல வேண்டும். நேர்காணல் முடிந்த பிறகு சொல். முன்பே சொன்னால் உன் மனம் நோகக் கூடாதென்று நீ எழுதியதையே சரி என்று சொல்லிவிடுவார். அவர் பெயரில் நீ எழுதிய பதில்களைத் தமிழில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, எது சரி, எது தவறு என்று அவரையே திருத்தச் சொல். பழைய பதிலையும் அவர் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறுதிப் படைப்பின் முதல் ஸ்லைடில் போடு, அவர் அனுமதித்தால்.