வி.ஆர். கண்ணாடி மாட்டினால் பல் கிளினிக் பயம் போகுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை, ராத்திரியில் வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். ஆனால் கிளினிக் வாசலிலேயே அழுது புரள்கிறான். ஈப்போவில் வி.ஆர். கண்ணாடி (கண்ணை முழுக்க மூடி உள்ளே வேறோர் உலகத்தைப் படமாகக் காட்டும் கருவி) மாட்டிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிறார்கள் என்று தங்கை சொல்கிறாள். அங்கே கொண்டுபோகலாமா? கண்ணுக்குக் கெடுதலா?

பதில்: கண்ணாடி இருக்கட்டும் அம்மா. ராத்திரி வலி என்றால் சொத்தை நரம்பை எட்டியிருக்கலாம். இந்த வாரமே காட்டுங்கள். பால் பல்தானே என்று விடக்கூடாது, அந்தப் பல் 10, 12 வயது வரை வேலை செய்ய வேண்டியது. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். அதுவரை எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஈறில் கோடாலித் தைலம் தடவ வேண்டாம்.

வி.ஆர். வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை. 1990களிலேயே அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளிகளுக்கு இதை மாட்டிக் கற்பனை உலகம் ஒன்றுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். கவனம் அங்கே போனதும் வலி குறைவாகத் தெரிந்தது. பல் நாற்காலியிலும் பல பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைகிறது. ஆனால் அது மரக்க வைக்காது. ஜெல் தடவி, ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் எந்தக் கண்ணாடியும் உதவாது, அடுத்த தடவை பிள்ளை வாயே திறக்க மாட்டான்.

கொஞ்ச நேரம் போட்டால் கண் கெட்டுப்போகாது. தலைசுற்றலும் குமட்டலும் சிலருக்கு வரும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு வேண்டாம். மெட்டா நிறுவனமே தன் குவெஸ்ட் என்ற வி.ஆர். கருவிக்கு 10 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகனின் சின்ன முகத்தில் அது சரியாக உட்காராது, மேல் பல் வேலைக்கும் இடைஞ்சல். இன்னொன்று, கண்ணை மூடிவிட்டால் யார் எங்கே தொடுகிறார்கள் என்று தெரியாமல் கூடுதலாகப் பயப்படும் பிள்ளைகளும் உண்டு. அவனுக்காக ஈப்போவுக்கு ஓட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அவனுக்குப் பிடித்த கார்ட்டூனைக் கைப்பேசியில் மேலே பிடித்துக் காட்டினாலே பாதி வேலை முடியும்.

மீதிப் பாதி பேச்சில் இருக்கிறது. சொல்லி, காட்டி, பிறகு செய்வதுதான் நாங்கள் படித்த முறை. முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, தண்ணீர் பீய்ச்சும் குழாயை அவன் விரலில் அடித்துக் காட்டும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். அவன் கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம் என்று டாக்டரோ மிஸ்ஸியோ (தாதியோ) வாக்குக் கொடுக்கட்டும், கொடுத்தால் நிறுத்தவும் வேண்டும். வீட்டில் பாட்டியிடம், "சேட்டை பண்ணினால் டாக்டர் ஊசி போடுவார்" என்ற மிரட்டலை விடச் சொல்லுங்கள். நீங்களும் "வலிக்கவே வலிக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்றால் போதும். முடிந்தால் காலையிலேயே, தூக்கமும் பசியும் இல்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.

திரும்பி வரும்போது உதடு மரத்தே இருக்கும். வேடிக்கையாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வான். உணர்வு திரும்பும் வரை, இரண்டு மூன்று மணி நேரம், சூடான மிலோவும் மெல்லும் தீனியும் கொடுக்காதீர்கள்.