ஆஸ்பத்திரி பில்லில் இந்தத் தொகை எதற்கு? – கேள்வி பதில்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவிலும், பிறகு அங்கேயே இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் வேலை பார்த்தவள் நான். டெல்டா ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி: அக்கா, அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகை நாளைக்கு 5,000 வரைன்னு போட்டிருக்கு. வசதியா இருக்கட்டும்னு 8,000 ரூபாய் ரூம் எடுத்தோம், நாலு நாள். மிச்சம் 12,000தானே எங்க பொறுப்பு? அம்பதாயிரத்துக்கு மேல கட்டச் சொல்லிட்டாங்க. குறுவை நெல் போட்ட காசு அப்படியே போச்சு.

எனக்கு அதிகமாக வந்த கேள்வி இதுதான் தம்பி. பெரும்பாலான மருத்துவமனைகளில் ரூம் ஏறினால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் எல்லாமே கூட ஏறும். அதனால் உங்கள் தகுதிக்கு மேல் ரூம் எடுத்தால் கம்பெனி வாடகையில் மட்டும் கைவைக்காது, இவை எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் கழிக்கும். உங்கள் விகிதம் 8,000க்கு 5,000, அதாவது 62.5 சதவீதம். டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்ந்து 1,20,000 என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 75,000. அங்கேயே 45,000 போச்சு. வாடகை வித்தியாசம் 12,000 சேர்த்தால் 57,000. நாளைக்கு 5,000க்கு மேல் வாடகை உள்ள ரூமுக்கு (ஐசியூ தவிர) 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. நாலு நாளைக்கு 1,600.

ஆனால் கழித்த விதத்தைச் சரிபாருங்கள். மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள்கள்), உடம்பில் வைக்கும் இம்பிளான்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு செய்யக்கூடாது என்பது காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் விதி. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. மொத்த பில்லையும் 62.5 சதவீதமாகக் குறைத்து அனுப்பிய கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் எழுதிக் கேளுங்கள், திரும்ப வரும்.

எந்த ரூம் என்பதை நோயாளியைச் சேர்க்கிற அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறோம், பில்லை டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் பார்க்கிறோம். சண்டை முழுக்க இந்த இடைவெளியில்தான். அட்வான்ஸ் கட்டும் முன்பே "என் பாலிசிக்கு எந்த ரூம் வரை தகுதி?" என்று இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேட்டுவிடுங்கள்.

பட்டுக்கோட்டை: கையுறை, மாஸ்க், டயபர், அட்மிஷன் கிட், ஃபைல் சார்ஜ்... இதெல்லாம் இன்சூரன்ஸ்ல வராதுன்னு தனியா 6,000 வாங்கிட்டாங்க. சரிதானா சார்?

சார் இல்லை, அக்கா! உங்கள் பட்டியலில் இரண்டு ரகம் கலந்திருக்கிறது. கையுறை, மாஸ்க், டயபர் எல்லாம் காப்பீட்டுக் கம்பெனி தரத் தேவையில்லாத 68 பொருள்களில் வருபவை. கன்ஸ்யூமபிள்ஸுக்கென்று தனிச் சேர்க்கை வாங்கியிருந்தால் ஒழிய உங்கள் கைக்காசுதான். அட்மிஷன் கிட், ஃபைல் சார்ஜ், கையில் கட்டும் பேண்ட், ஏசி, ஹவுஸ்கீப்பிங் ஆகியவை வேறு. அவை ரூம் வாடகைக்குள் அடங்கியவை என்று ஐஆர்டிஏஐ தனிப் பட்டியலே போட்டிருக்கிறது. அதைக் காட்டி வாதாடுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள்.

'இதர கட்டணம்' என்று ஒற்றை வரி இருந்தால் விடவே விடாதீர்கள். ஐட்டம் வாரியாகப் பில் கேட்பது உங்கள் உரிமை. பார்மசி பில்லில் திருப்பிக் கொடுத்த ஊசி, மருந்துக்குக் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ராத்திரி எழுதி வாங்கி, காலையில் டாக்டர் நிறுத்திய மருந்துதான் அதிகம் தப்பும்.

பாபநாசம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. ஆனாலும் 20,000 அட்வான்ஸ் கேட்கிறாங்க.

திட்டத்தில் உள்ள மருத்துவமனையா, உங்கள் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரி, ஒப்புதலும் வந்துவிட்டது என்றால் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. 1800 425 3993 இலவச எண், அங்கிருந்தபடியே கூப்பிடுங்கள். போன் போட்டதுமே பேச்சு மாறும். "இதைவிட நல்ல ஸ்டென்ட் வைக்கலாம், வித்தியாசம் மட்டும் கட்டுங்க" என்றால், இதய ரத்தக்குழாயில் வைக்கும் இந்த ஸ்டென்ட்டுக்கு 2017 முதல் மத்திய அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: பைக் ஆக்சிடென்ட், அட்டையே இல்லை. எல்லாம் கைக்காசா?

இல்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையோ வருமானச் சான்றோ வேண்டாம். அதற்குப் பிறகான நாள்களுக்கு என்ன செய்வது என்பதை அந்த 48 மணி நேரத்துக்குள்ளேயே பேசிவிடுங்கள்.

கும்பகோணம்: காலையில டிஸ்சார்ஜ்னு சொன்னாங்க, இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலைன்னு ராத்திரிதான் விட்டாங்க. இன்னொரு நாள் வாடகை சேர்ந்துடுச்சு.

கேஷ்லெஸில் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) மருத்துவமனை டிஸ்சார்ஜ் கேட்டு அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் கூடுகிற கட்டணம் கம்பெனி தலையில், உங்கள் தலையில் இல்லை. இது ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை. ஆனால் மருத்துவமனை எத்தனை மணிக்கு அனுப்பியது என்பதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் தாமதம் பில்லிங்கிலேயே நடக்கும், பழி கம்பெனிக்குப் போகும்.

காரைக்கால்: நாங்க புதுச்சேரி ஆட்களாச்சே. எங்களுக்கு எது பொருந்தும்?

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு உங்களுக்கு இல்லை, அதற்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். தனியார் பாலிசியில் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன்தான் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) உங்களுக்கும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மருத்துவமனை மேலேயே புகார் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டிய ரசீது மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ரசீது மை சீக்கிரமே மங்கிவிடும்.