திடீர்னு நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது, டாக்டர் ஆங்சைட்டிங்கிறாரு, அம்மா காத்து கருப்புங்கிறாங்க, எது உண்மை?

உங்க கேள்விய சுருக்கமா சொல்லிடுறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். ஃபேக்டரி பஸ்ல போகும்போது நெஞ்சு அடிச்சு, கை மரத்து, ஸ்ட்ரோக்னு பயந்து எமர்ஜென்சிக்குப் போயிருக்கீங்க, ஈசிஜி, ரத்தம் எல்லாம் நார்மல். இப்ப பஸ் ஏறவே பயம், மோட்டார் சைக்கிள்லதான் வேலைக்குப் போறீங்க. இது நெஜமாவே வியாதியா, மருந்து எடுத்தா வாழ்க்கை முழுக்க எடுக்கணுமான்னு கேக்குறீங்க.

நான் டாக்டர் இல்ல. மலேசியாவுல பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்து, இதே பேனிக் (திடீர்னு வந்து தாக்குற பயம்) வந்து ட்ரீட்மென்ட் எடுத்தவன். எங்க மச்சான் வேற வகையில மாட்டினவரு, அவருக்குப் பாம்புன்னா பயம். அதனால ரெண்டையும் கிட்டக்க பாத்திருக்கேன்.

வியாதிதான், சரியாகக்கூடிய வியாதி. மூளையில அமிக்டலான்னு ஒரு சின்ன இடம் இருக்கு, ஆபத்துன்னு அதுக்குத் தோணுனா ஒடம்புல அட்ரினலின்ங்கிற ஹார்மோன் ஏறும், இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வேகமாகும், ஓடவோ சண்டை போடவோ ரெடியாகுற ஏற்பாடு அது. பூனை ஏறுனாலே கத்துற கார் அலாரம் மாதிரி, அலாரத்துல கோளாறு இல்ல, சும்மா சும்மா அடிக்குது, அவ்ளோதான். கை மரத்ததுக்குக் காரணமும் இதுலயே இருக்கு, வேகமா மூச்சு விட விட ரத்தத்துல கார்பன் டை ஆக்சைட் கொறையும், அப்ப விரல், ஒதடு எல்லாம் ஜிவ்வுன்னு மரக்கும், தலை சுத்தும். பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயி அப்பறம் தானா எறங்கிடும். மயங்கி விழுந்துடுவோம்னு தோணும் ஆனா அந்த நேரத்துல பிரஷர் ஏறித்தான் இருக்கும், அதனால பெரும்பாலும் விழமாட்டோம்.

ஒருவாட்டி பேனிக் வந்ததுனாலேயே அது டிஸ்ஆர்டர் ஆயிடாது, நெறைய பேருக்கு வந்துட்டுப் போயிடும். அடுத்தது எப்ப வருமோன்னு மாசக்கணக்குல பயந்துகிட்டு அதுக்கேத்த மாதிரி வாழ்க்கைய மாத்திக்கிறோம் பாருங்க, அங்கதான் சிக்கல். நீங்க பஸ்ஸ விட்டுட்டு மோட்டார் எடுத்தீங்களே, அன்னிக்கு மனசு லேசாச்சுல்ல? அந்த நிம்மதிதான் வினையே. பஸ் ஏறாததுனாலதான் தப்பிச்சேன்னு மூளை கணக்கு போட்டுக்கும். ஏறியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு அதுக்குத் தெரிய சான்ஸே கெடைக்காது. இன்னிக்கு பஸ்ஸு, நாளைக்கு பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) கூட்டம், அப்பறம் கோயில் திருவிழான்னு ஒண்ணொண்ணா கழண்டுக்கிட்டே போகும்.

மச்சான் கதைக்கு வரேன். செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்துல எலி இருக்கும், எலிக்குப் பின்னாடியே நாகமும் வரும், அதனால குலை வெட்டுறவங்க எல்லாருக்குமே பயம் உண்டு, பூட்ஸ் போட்டுகிட்டு, அடுக்கி வெச்ச மட்டைய குச்சியால ஒரு தட்டு தட்டிட்டுதான் கால வைப்பாங்க. அது புத்தியுள்ள பயம், அது இல்லாட்டிதான் தப்பு. எங்க மச்சானோ மக ஸ்கூல் புக்குல பாம்பு படம் இருந்த பக்கத்த ஸ்டேப்ளர் போட்டு மூடி வெச்ச மனுஷன். சுருட்டிக் கெடக்குற தண்ணிக் குழாய இருட்டுல பாத்தா லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருக்குற எல்லாரும் எழுந்திருக்குற மாதிரி கத்துவாரு. மண்டோர்கிட்ட (மேஸ்திரி) எம்சி (டாக்டர் லீவு சீட்டு) மேல எம்சி குடுத்து, கடைசியில வேலையையே விட்டுட்டு டவுன்ல செக்யூரிட்டி கார்டு வேலைக்குப் போயிட்டாரு. இருக்குற ஆபத்துக்கு சம்பந்தமே இல்லாத அளவு பயம், ஆறு மாசத்துக்கு மேல, வாழ்க்கையவே மாத்துற அளவுக்கு இருந்தா அதுதான் ஃபோபியா.

அவருக்கு ஈப்போவுல சைக்காலஜிஸ்ட் மாத்திரையே குடுக்கல. ஒரு குறிப்பிட்ட பொருள் மேல வர்ற ஃபோபியாவுக்கு முக்கிய வைத்தியம் எக்ஸ்போஷர்தான், படிப்படியா அது கிட்டக்க போறது. 1958லயே ஜோசப் வோல்பின்னு ஒரு தென்னாப்பிரிக்க டாக்டர் இந்தப் படிக்கட்டு முறைய எழுதி வெச்சுட்டாரு, இன்னிக்கு நேத்து வந்த வித்தை இல்ல. மொதல்ல 'பாம்பு'ன்னு வாயால சொல்றது, அப்பறம் பென்சில் படம், கலர் போட்டோ, வீடியோ, உரிச்சுப் போட்ட சட்டை. ஒவ்வொரு படியிலயும் பயம் தானா எறங்குற வரைக்கும் நின்னாகணும், கண்ண ஓரமா திருப்புனாகூட அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா விடமாட்டாங்களாம். கடைசிப் படி பினாங்கு பாயான் லெப்பாஸ்ல இருக்குற பாம்புக் கோயில். நானும் கூடப் போனேன், சட்டை தொப்பல் தொப்பலா நனைஞ்சு போச்சு, ஆனா நின்னாரு, பச்சை விரியன் ஒண்ணு கெளையில சுருண்டிருந்தத நல்லா உத்துப் பாத்தாரு. வெளிய வந்ததும் மொத வார்த்தை, நாசி கண்டார் (பினாங்கு சோறு கறி) எங்க கெடைக்கும்னு. இன்னும் கார்டு வேலையிலதான் இருக்காரு, பயத்துனால இல்ல, சம்பளம் அங்கதான் அதிகமாம்.

பேனிக்குக்கும் இதே தத்துவம்தான், ஆனா இங்க பாம்புக்குப் பதிலா நம்ம ஒடம்பே பயமுறுத்துது. என்னை ஒரு நிமிஷம் வேணும்னே வேகமா மூச்சு விடச் சொல்லி, படிக்கட்டு ஏறி எறங்கச் சொல்லி படபடப்ப வரவெச்சாங்க, வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஒடம்புக்குக் காட்டுறதுக்கு. (ஆஸ்துமா, இதய நோய் இருந்தா சொந்தமா செய்யாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.) இது சிபிடிங்கிற, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு தெரபியில ஒரு பகுதி. உங்களுக்குன்னா நின்னுட்டிருக்குற பஸ்ல உக்காந்து பாக்குறது, ஒரு ஸ்டாப், ரெண்டு ஸ்டாப்னு போவாங்க.

ரத்தம், ஊசியப் பாத்து பயப்படுறவங்க கதை மட்டும் தனி. அவங்களுக்கு மொதல்ல பிரஷர் ஏறி அப்பறம் தொபுக்குன்னு எறங்கும், நெஜமாவே விழுவாங்க. அவங்களப் போயி ரிலாக்ஸ் பண்ணுன்னா இன்னும் சீக்கிரம் விழுவாங்க. கை, கால், வயித்துத் தசைய இறுக்கி முகம் சூடாகுற வரைக்கும் பத்து பதினஞ்சு செகண்ட் பிடிச்சு, கொஞ்சம் விட்டு, திருப்பித் திருப்பிச் செய்யணும். லார்ஸ் கோரன் ஊஸ்ட்னு ஸ்வீடன்காரர் உருவாக்குன முறை இது.

மாத்திரைக்கு வருவோம். செர்ட்ராலின், எசிட்டலோப்ராம் மாதிரி எஸ்எஸ்ஆர்ஐ வகை (மூளையில செரோடோனின்ங்கிற ரசாயனத்தக் கூட்டுற மருந்து)தான் வழக்கமா மொதல்ல குடுப்பாங்க. வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்பத்துல படபடப்பு கொஞ்சம் கூடக்கூட செய்யும், அந்த எடத்துலதான் சில பேரு மருந்து ஒத்துக்கலன்னு விட்டுடுறாங்க. விடாதீங்க, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. நல்லான பிறகும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ எடுத்துட்டு, டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்துறதுதான் வழக்கம், எல்லாருக்கும் ஆயுசுக்கும்னு கெடையாது. அல்ப்ரசோலாம் மாதிரி பதட்டத்த அடக்குற மாத்திரை வகை வேற, உடனே அமுக்கும், சொகமா இருக்கும், ஆனா தொடர்ந்து போட்டா அது இல்லாம இருக்க முடியாம ஆயிடும், திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து.

அம்மாவுக்கு என்ன சொல்றது? சண்டை போடாதீங்க. முனீஸ்வரர் கோயிலுக்குக் கூப்பிட்டா போயிட்டு வாங்க, கயிறு கட்டுனா கட்டிக்குங்க. ஆனா கயிறு இல்லன்னா பஸ் ஏற மாட்டேன்னு ஆச்சுன்னா உஷாராகிடுங்க. எனக்கு அது கோடாலித் தைலம், பாக்கெட்ல டப்பா இல்லாம வாசல் தாண்ட மாட்டேன். தெரபியில மொதல்ல பிடுங்குனதே அதத்தான், அது இருக்குற வரைக்கும் தைலம்தான் காப்பாத்துச்சுன்னு மூளை நம்பிக்கிட்டே இருக்குமாம்.

சைக்யாட்ரின்னாலே நம்ம பக்கம் "என்னா, தஞ்சோங் ரம்புத்தானா?"ன்னு சிரிப்பாங்க. அது பேராக்ல 1911லேர்ந்து இருக்குற மனநல ஆஸ்பத்திரி, அந்தப் பேர வெச்சு பேராக்காரங்க பண்ற கேலிக்கு அளவே இல்ல, அந்தக் கேலிக்குப் பயந்தே நெறைய பேரு டாக்டர பாக்குறதில்ல. உங்களுக்கு அங்க போகவேண்டிய அவசியமே இருக்காது. பக்கத்துல இருக்குற கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க கிளினிக்) ஐசியோட (அடையாள அட்டை) போங்க, ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான், கேள்வித்தாள் ஒண்ணு குடுப்பாங்க, தேவைன்னா ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணுவாங்க. யார்கிட்டயாவது பேசணும்போல இருந்தா சுகாதார அமைச்சோட ஹீல் லைன்னு போன் நம்பர் 15555 இருக்கு.

போகும்போது தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டுக்குங்க, அது கூடுதலா வேலை செஞ்சாலும் இதே படபடப்பு வரும். நைட் ஷிஃப்ட்ல எத்தனை கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிக்கிறீங்கன்னும் டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிடுங்க.