சொந்த வீடியோ கேமுக்குக் காப்பு நகல் எடுக்கலாமா?

வாசகர் கேள்வி – சட்டம்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தாய்மாமா, 1990களின் இறுதியில் வாங்கி வந்து எனக்குக் கொடுத்த பிளேஸ்டேஷன் வட்டுகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றில் சில, ஆடிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் கணினியில் நகலெடுத்து வைக்கலாம் என்று பார்த்தால், “சொந்த வட்டாக இருந்தாலும் நகலெடுப்பது குற்றம், அமெரிக்காவில் தீர்ப்பே வந்துவிட்டது” என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: நம் நாட்டைப் பொறுத்தவரை சரியன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்பதை 52ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சட்டப்படி தம்மிடம் வைத்திருப்பவர், இழப்போ அழிவோ சேதமோ நேர்ந்தால் உதவும் தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும், அந்நிரல் எதற்காக வழங்கப்பட்டதோ அதற்கே பயன்படுத்தும் பொருட்டு, காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பிரிவின் (ஏஏ) கூறு அனுமதிக்கிறது. முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டுக்கு நகலெடுப்பதையும் (ஏடி) கூறு ஏற்கிறது. மாமா அன்பளிப்பாகத் தந்த வட்டுக்கு உங்கள் பெயரில் ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம். வட்டு அசலாகவும், அது உங்களிடம் வந்த வழி நேர்மையானதாகவும் இருந்தால் போதும்.

வீடியோ கேம் என்பது நிரல் மட்டும்தானா, அதிலுள்ள இசையும் ஓவியமும் காட்சிகளும் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. நின்டெண்டோ நிறுவனத்துக்கும் பிசி பாக்ஸ் என்ற இத்தாலிய நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல், வீடியோ கேமை வெறும் கணினி நிரலாகக் கருத முடியாது, அது பல படைப்புகள் கலந்த ஒன்று என்று கூறியது. அதனால் நிரலுக்கான விதிவிலக்கு முழு ஆட்டத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் அங்கே வலுத்தது. நம் சட்டத்திலோ, நிரல் அல்லாத பிற படைப்புகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான முறையில் கையாள்வதற்கு 52ஆம் பிரிவின் (ஏ) கூறு தனியே இடம் தருகிறது. அந்நோக்கத்துக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமிப்பது மீறலாகாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், உங்கள் அலமாரியில் உள்ள வட்டின் முழு உள்ளடக்கத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதே என் கருத்து.

நண்பர் சொல்லும் அமெரிக்கத் தீர்ப்பு, 1983இல் இல்லினாய் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அட்டாரி நிறுவனத்துக்கு ஆதரவாக வழங்கியதாக இருக்கக்கூடும். அட்டாரியின் வீடியோ கேம் கேசட்டுகளை நகலெடுக்கும் கருவி ஒன்றை விற்ற நிறுவனம், அமெரிக்கச் சட்டத்தின் 117ஆம் பிரிவு காப்பு நகலை அனுமதிக்கிறது என்று வாதிட்டது. எளிதில் அழியக்கூடிய ஊடகத்துக்குத்தான் அந்தச் சலுகை, கேசட்டின் உள்ளே ஆட்டத்தைத் தாங்கியிருக்கும் ரோம் என்ற நிலைநினைவுச் சில்லு அப்படிப்பட்டது அன்று என்று சொல்லி நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. அமெரிக்காவில் பெரிய தடையாக வந்தது அதற்குப் பின் 1998இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம். நகல் எதற்கு என்று பாராமல், நகல்தடுப்புப் பூட்டை உடைப்பதையே அது பொதுவாகத் தடை செய்கிறது.

நம்முடைய 65ஏ பிரிவு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்று அது சொல்கிறது. சட்டம் தடுக்காத ஒரு செயலுக்காகப் பூட்டைத் தாண்டுவதை அது தண்டிக்கவில்லை. நோக்கத்தை அளவுகோலாக வைத்த இந்த ஏற்பாடு, சாதாரண மனிதர்களின் உரிமையை மதிக்கும் நல்ல ஏற்பாடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் வட்டுகளைப் பொறுத்தவரை, நகல் எடுக்கும் கட்டத்தில் பூட்டுப் பிரச்சினையே பெரிதாக எழாது. முதல் பிளேஸ்டேஷனின் கறுப்பு அடிப்புற வட்டுகளில், தொடக்கப் பகுதித் தடத்தில் ஒரு சிறு நெளிவு இருக்கும். சாதாரண வட்டெழுதியால் அதை உண்டாக்க முடியாது என்பதால், அந்த நெளிவைக் கண்டால்தான் கருவி வட்டை அசல் என்று ஏற்கும். ஆட்டத்தின் தரவைக் கணினியின் சிடி டிரைவ் படிப்பதை அது தடுப்பதில்லை. எடுத்த நகலைப் புது வட்டில் எழுதிப் பழைய கருவியில் ஓட்டுவதற்குத்தான் அந்தச் சோதனையைத் தாண்டவைக்கும் ‘சிப்’ ஒன்றைக் கருவிக்குள் பொருத்த வேண்டிவரும். இன்னொருவர் பூட்டைத் தாண்ட உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று 65ஏ பிரிவு சொல்வதால், அந்த வேலையைச் செய்துதரும் கடைக்காரர் இதை அறிந்திருப்பது நல்லது.

நகலெடுக்கும் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். அடிப்புறத்தில் விழும் மெல்லிய கீறலைப் பெரும்பாலும் மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். படம் அச்சிட்ட மேல்புறத்துக்குச் சற்றுக் கீழேதான் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் இருக்கிறது; அங்கே கீறல் விழுந்தால் தரவு போனது போனதுதான். பின்னாளில் அசல் வட்டை விற்றாலோ கொடுத்தாலோ நகலையும் அழித்துவிடுங்கள். அசல் கைமாறிய பின் நகலை வைத்துக்கொள்வது காப்பு நகல் ஆகாது.

கேள்வி: அசல் என்னிடம் இருக்கும்போது, அதே ஆட்டத்தின் ரோம் கோப்பை (ஆட்டத்தின் உள்ளடக்கத்தை அப்படியே நகலெடுத்த கணினிக் கோப்பை) இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டால் என்ன தவறு?
– வாசகர், ஈரோடு

பதில்: சட்டம் அனுமதிப்பது உங்களிடம் உள்ள பிரதியிலிருந்து எடுக்கும் நகலை. யாரோ அனுமதியின்றிப் பதிவேற்றிய கோப்பு, அசல் உங்களிடம் இருப்பதால் முறையானதாக மாறிவிடாது. மீறல் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆதாய நோக்கம் இல்லாவிடில், தகுந்த காரணங்களைப் பதிவு செய்து, நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். பழைய ஆட்டம்தானே என்ற சமாதானமும் செல்லாது. நம் நாட்டில் பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டுகள் என்பதால், 1970களின் ஆட்டங்களுக்குக்கூட அது இன்னும் முடியவில்லை. பழைய ஆட்டக் கருவியைப் போலவே கணினியை இயங்கவைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் தன்னளவில் குற்றமன்று. ஆனால் சில எமுலேட்டர்கள் கேட்கும் பயாஸ் கோப்பும் (ஆட்டக் கருவியைத் தொடக்கி வைக்கும் உள்நிரல்) பதிப்புரிமை பெற்ற நிரலே என்பதால், அதையும் உங்கள் சொந்தக் கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கேள்வி: சிறு வயதில் திருவிழாக் கடையில் வாங்கிய, ‘99999 இன் 1’ என்று எழுதிய மஞ்சள் கேசட்டை நகலெடுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: அத்தகைய கேசட்டுகள் பெரும்பாலும் உரிமையாளரின் அனுமதியின்றித் தயாரானவை. மூலப் பிரதியே முறையற்றதாக இருக்கும்போது, அதிலிருந்து எடுக்கும் நகலுக்கு விதிவிலக்கு பொருந்தாது. நினைவுப் பொருளாக வைத்திருங்கள்.

கேள்வி: இணையக் கடையில் பணம் கட்டி வாங்கிய ஆட்டங்கள், அக்கடை மூடப்பட்டால் என்ன ஆகும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலான இணையக் கடைகளில் நீங்கள் வாங்குவது ஆட்டத்தை அன்று, அதை ஆடுவதற்கான உரிமத்தை. ‘வாங்கு’ என்ற பொத்தானைக் காட்டிவிட்டு, கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்பதை மறைக்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் நிறுத்தியபோது, வட்டாகவே வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியாமல் போயிற்று. அத்தகைய ஆட்டத்துக்கு எத்தனை காப்பு நகல் எடுத்தாலும் பயனில்லை. பணம் கொடுத்தவரை இப்படிக் கைவிடுவது அநியாயம். நம் நுகர்வோர் சட்டம் இதை வெளிப்படையாகத் தடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இப்போதைக்கு, ஜிஓஜி போன்ற தளங்கள் பூட்டில்லாத நிறுவல் கோப்புகளையே தருகின்றன. அங்கே வாங்கினால், கோப்பை இறக்கித் தனி வன்தட்டு ஒன்றில் ரசீதோடு சேமித்துக்கொள்ளுங்கள்.